தறியோசையும் திரையோசையும்

பாலாற்றுக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்துள்ள வெம்பாக்கம் பட்டு நெய்யும் ஊர்களுள் ஒன்று. பொழுது புலரும் முன்பே அங்குத் தறிகள் பேசத் தொடங்கிவிடுகின்றன. மிதிபலகை இறங்கும் ஓசை, நாடா பாவினூடே பாயும் ஓசை, ஊடை இழையை அச்சு அடித்து நெருக்கும் ஓசை என மூன்றும் மாறி மாறி எழுகின்றன. அவற்றுக்கிடையே பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். அடுப்படியில் உலை கொதிக்கிறது. முதியோர் திண்ணையில் கண்ணயரவும் செய்கின்றனர். வெளியூரிலிருந்து வருவோருக்கு முதல் நாள் இரைச்சலாகப்படும் அவ்வோசை, அத்தெருவில் பிறந்தவர் காதில் விழுவதே இல்லை. தெருவில் ஓர் இறப்பு நேர்ந்து தறிகள் ஒருசேர நிற்கும்போதுதான், அதுவரை ஓர் ஓசை இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரிகிறது.

திரைப்படக் கலைஞர்கள் இவ்வியல்பை நன்கறிந்தவர்கள். பார்க்க விரும்பாததைக் கண் மூடித் தவிர்க்கலாம். காதுக்கு இமை இல்லை. எனவே திரையரங்கில் அமர்ந்திருப்பவரின் மனத்தை ஒலி எளிதில் எட்டிவிடுகிறது. படம் முடிந்து வெளியே வருவோரைக் கேட்டால் கதையைச் சொல்வர், நடிப்பைப் போற்றுவர், பாடலை முணுமுணுப்பர். தாய் மகனைப் பிரிந்த காட்சியில் தொலைவில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்ததையோ, மழையோசை மெல்லத் தேய்ந்ததையோ அவர்களுள் பெரும்பாலோர் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் கண்கலங்கியதற்கு அவையும் காரணமாக இருந்திருக்கும். தம் மனத்திலிருந்து தாமாகவே எழுந்ததாகப் பார்வையாளர் நம்பும் உணர்ச்சிகளுள் பல, பல மாதங்களுக்கு முன்பே ஒலிக்கூடத்தில் அளவிட்டு அமைக்கப்பட்டவை.

திரைப்படத்துக்குள் ஒலி நுழைந்த வரலாறும் சுவையானது. ஊமைப்படக் காலத்தில் ஒளிப்பதிவுக் கருவியைக் கையால் சுழற்றினர். அதனால் படச்சுருளின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுபட்டது. கண் அதைப் பொறுத்துக்கொண்டது. பேசும்படம் வந்ததும் அந்தத் தாராளம் செல்லுபடியாகவில்லை. வேகம் சற்றே மாறினாலும் குரல் கீச்சிடும் அல்லது இழுபடும். காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒரு விநாடிக்கு 24 படங்கள் என்ற அளவு நிலைபெற்றது. இன்றும் திரைப்படங்களுக்குப் பெரும்பாலும் அந்த அளவே வழங்குகிறது. படத்தின் வேகத்தைக் கண்ணன்று, காதே உறுதிசெய்தது எனலாம். தமிழில் 1931ஆம் ஆண்டு வெளிவந்த ‘காளிதாஸ்’ முதல் பேசும்படம். அக்காலத்துக் கருவிகளின் இரைச்சல் ஒலிவாங்கியில் புகாதிருக்க, அவற்றைக் கூண்டுக்குள் அடைத்துப் படம்பிடிக்கும் வழக்கம் மேலைநாடுகளில் இருந்தது. அதனால், ஓடியாடிக்கொண்டிருந்த ஒளிப்பதிவுக் கருவி சில ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. கேட்கும் ஆற்றலைப் பெறுவதற்காகத் திரைப்படம் நடக்கும் ஆற்றலைச் சிறிது காலம் இழந்தது.

நெசவாளர் ஊர்களில் இவ்வுத்திகளைப் பற்றிப் பேசுவோர்க்குத் தக்கதொரு படம் உண்டு. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’, 55ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. அதில் வேங்கடம் என்னும் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். திரு ஒளிப்பதிவு செய்தார். விடுதலைக்கு முந்தைய காஞ்சிபுரத்தில் கதை நிகழ்கிறது. பிறருக்குப் பட்டு நெய்தே வாழ்நாளைக் கழிக்கும் வேங்கடம், தன் மகளைப் பட்டுச்சேலையில் மணமகளாக்கி அனுப்புவதாக அவள் பிறந்தபோது ஊரார் முன் வாக்களிக்கிறான். கூலியிலிருந்து அது கைகூடாது. முதலாளியின் பட்டிழைகளை வாயில் ஒளித்துவைத்துக் கொண்டுவந்து, வீட்டில் எவருமறியாமல் ஒரு சேலையை நெய்யத் தொடங்குகிறான்.

இழைகளைத் திருடுகிறான் என்பதில் ஐயமில்லை. பட்டுத்தொழில் நடைபெறும் ஊர்களில் அது சிறு குற்றமும் அன்று. நூலும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கப்படும். நெய்த சேலை எடைபோட்டு வாங்கப்படும். எடை குறைந்தால் நெசவாளியின் பெயர் குறைந்துபோகும். நாணயத்தை நம்பியே நடக்கும் தொழில் அது. அத்தகைய ஊரில் வளர்ந்த ஒருவர் இப்படத்தைப் பார்க்கும்போது வேங்கடத்தின்மீது சினம் கொள்வதே இயல்பு. ஆனால் படம் பார்க்கும் எவரும் சினம் கொள்வதில்லை. அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சுகின்றனர். தம் வாழ்வில் ஒப்புக்கொள்ளாத ஒன்றைத் திரையில் ஒப்புக்கொள்ள வைத்தது எது என்பதே இங்கு எண்ணிப்பார்க்க வேண்டியது.

முதலாவதாக, கதை சொல்லப்படும் வரிசை. 1948ஆம் ஆண்டில், சிறையிலிருந்து காவலர்களுடன் பேருந்தில் ஊர் திரும்பும் வேங்கடத்தைக் காட்டிவிட்டே படம் பழைய நினைவுகளுக்குள் செல்கிறது. அவன் அகப்பட்டதும் தண்டனை பெற்றதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. எனவே ‘அகப்படுவானா’ என்ற கேள்விக்கு இடமில்லாமல், ‘ஏன் இப்படி ஆனான்’ என்ற கேள்வி பார்வையாளர் மனத்தில் அமர்ந்துகொள்கிறது. ஏன் என்று கேட்கத் தொடங்கியவர் பாதி மன்னித்துவிட்டவர்.

அடுத்தது, ஒளிப்பதிவுக் கருவி யார் பக்கம் நிற்கிறது என்பது. வாய்க்குள் இழை இருப்பதைப் பார்வையாளர் அறிவர். கதையில் உள்ள மற்றவர்கள் அறியார். மறைபொருள் ஒன்றைப் பகிர்ந்துகொண்ட இருவர் ஓரணியினர் ஆகிவிடுகின்றனர். அந்நிலையில் அண்மைக் காட்சியில் ஒரு முகம் திரையை நிறைத்து நின்றால், இறுக மூடிய உதடுகளின் சிறு அசைவும் பார்வையாளரின் நெஞ்சைத் தொடும். அன்றாட வாழ்வில் தாயின் முகத்தையும் குழந்தையின் முகத்தையுமே அவ்வளவு நெருங்கிப் பார்க்கிறோம். முன்பின் அறியாத ஒருவனின் முகத்தை அவ்வளவு அருகில் கொண்டுவரும்போது, அவன் நம் உறவினனைப் போல் ஆகிவிடுகிறான்.

இதே நிகழ்வை வேறுவகையில் படமாக்குவதாக எண்ணிப்பார்க்கலாம். கருவி முதலாளியின் தராசுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் பட்டு. முள் ஒரு பக்கம் சாய்கிறது. கணக்கேட்டில் ஒரு விரல் நகர்கிறது. வாசலில் பத்துப் பதினைந்து நெசவாளர்கள் நிற்கின்றனர். சேய்மைக் காட்சியில் அவர்களுள் வேங்கடம் யார் என்றே தெரியவில்லை. பின்னணியில் தராசின் சங்கிலி உரசும் ஓசை மட்டும் கேட்கிறது. கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. திருட்டும் அதே திருட்டுதான். ஆயினும் இப்போது பார்வையாளர் திருடனைத் தேடத் தொடங்கிவிடுகிறார். கருவியை நாலடி நகர்த்தியதில் அறமும் சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளரின் பணியை வெறும் அழகூட்டும் பணியாகக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இறுதியில் மகளின் உயிரற்ற உடலை, தான் நெய்த சேலையால் வேங்கடம் போர்த்த முயல்கிறான். சேலை முற்றுப்பெறாதது. தலையை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் தலை தெரிகிறது. இங்கு விளக்கம் எதற்கும் தேவையில்லை. துணியின் நீளமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. திரையரங்கிலிருக்கும் நெசவாளி ஒருவருக்கு, இன்னும் எத்தனை முழம் நெய்ய வேண்டியிருந்தது என்ற கணக்கே அப்போது முதலில் தோன்றும். அக்கணக்குப் போடத் தெரிந்தவரைப் போல் அக்காட்சியை உணர்ந்தவர் வேறு எவரும் இருக்க முடியாது.

ஒளிப்பதிவுக் கருவி பார்வையாளரை ஓரிடத்தில் நிறுத்துகிறது. அங்கு நின்றபின் என்ன உணர வேண்டும் என்று பின்னணி இசை அவர் காதில் ஓதுகிறது. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கப் படம். அதில் குளியலறைக் கொலைக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் கருதியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பிசைக் கருவிகளை மட்டும் கொண்டு, கிறீச்சிடும் ஒலிகளால் அமைந்த இசையைப் படைத்துக் காட்டினார். கேட்ட இயக்குநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கத்தி உடலில் இறங்குவதை அக்காட்சி வெளிப்படையாகக் காட்டுவதில்லை என்றே சொல்லலாம். சிறு சிறு துண்டுக் காட்சிகள் விரைந்து மாறுகின்றன. ஆனால் பார்த்தவர்கள் கத்தி இறங்கியதைக் கண்டதாகவே சொல்வார்கள். அவர்கள் கண்டது வயலினின் ஓசையை.

தமிழ்த் திரைப்படத்தில் இசை குறைவாக இருந்த காலமே இல்லை எனலாம். தொடக்ககாலப் பேசும்படங்களில் பாடல்கள் மலிந்திருந்தன. அச்சூழலில் 1954ஆம் ஆண்டு எஸ். பாலச்சந்தர் ஒரு பாடலும் இல்லாமல் ‘அந்த நாள்’ என்னும் படத்தை எடுத்தது துணிவான செயல். பாலச்சந்தர் வீணைக் கலையில் பெரும்புகழ் பெற்றவர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். இசை அறியாதவர் இசையை ஒதுக்கவில்லை. இசையின் வலிமையை அறிந்தவரே ஒதுக்கினார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்திலும் பாடல்கள் இல்லை. கட்டி முடியாத வீட்டைக் காண வரும் முதியவர் சுவர்களைத் தடவிப் பார்க்கும் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். அப்படத்துக்கு இளையராஜாவின் இசைத்தொகுப்பு ஒன்றிலிருந்தே பின்னணி இசை எடுத்தாளப்பட்டது. பார்வையாளரின் கண்ணீரை அந்த இசை பிடுங்கி எடுப்பதில்லை. முதியவர் வீட்டைச் சுற்றி வரும்வரை உடன் நடந்துவருகிறது.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ இவற்றினும் ஒரு படி மேலே சென்றது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் பின்னணி இசை என்பதே இல்லை. வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனா என்னும் பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாகக் கருதும் உறவினர், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடி ஒருவரிடம் செல்கின்றனர். வழியெங்கும் வண்டியின் இரைச்சல், காற்று, சேவலின் குரல், ஆண்களின் பேச்சு ஆகியவையே கேட்கின்றன. அவளோ ஏறத்தாழப் பேசுவதே இல்லை. சுரேன், அழகியகூத்தன் ஆகியோர் ஒலிவடிவமைப்புச் செய்துள்ளனர். ஓர் இசைத்துணுக்கு ஒலித்திருந்தால் ‘இப்போது இரங்குக’ என்று அது கற்பித்திருக்கும். அது இல்லாமையால் பார்வையாளர் அந்த வண்டியிலேயே ஒடுங்கி உட்கார்ந்து, அப்பெண்ணின் மௌனத்துக்குத் தாமே பொருள் தேட வேண்டியவராகிறார். சிலருக்கு இப்படம் சலிப்பூட்டியது உண்மையே. உணர்ச்சியை ஊட்டிவிடும் கைக்குப் பழகியவர்கள் தாமே எடுத்து உண்ணச் சொன்னால் சிறிது தடுமாறத்தான் செய்வர்.

‘இயல்பான ஒலி’ என்றதும் நிகழ்விடத்தில் கேட்டதை அப்படியே பதிவுசெய்தது என்று கருதிவிடக் கூடாது. காலடியோசை, துணி உரசும் ஓசை, கதவு திறக்கும் ஓசை போன்றவற்றைப் பின்னர் ஒலிக்கூடத்தில் தனியே உருவாக்கிச் சேர்ப்பது வழக்கம். அக்கலையை வளர்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயராலேயே அது ‘ஃபோலி’ எனப்படுகிறது. உண்மையான தறியோசையை ஒலிவாங்கி வைத்துப் பிடித்தாலும், அது எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், யார் பேசும்போது தாழ வேண்டும், எந்த நொடியில் அறவே நிற்க வேண்டும் என்பவற்றை ஒலிக்கலவை செய்பவரே தீர்மானிக்கிறார். ஆகவே மௌனமும் ஒரு வடிவமைப்புத்தான்.

இவ்வுத்திகள் எளியவனின் துயரை உணர்த்தப் பயன்படுவது போலவே, வலியவனைத் தொழவைக்கவும் பயன்படுகின்றன. கதைத்தலைவன் தோன்றும் காட்சியில் கருவி அவன் காலடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. தாழ்கோணத்தில் ஐந்தரையடி மனிதனும் கோபுரம் போல் உயர்ந்து நிற்கிறான். நடை மெதுவாக்கப்படுகிறது; ஒவ்வோர் அடிக்கும் ஒரு பறையதிர்வு சேர்க்கப்படுகிறது. தாழ்ந்த அதிர்வுகளை அரங்கிலிருப்போர் காதால் மட்டுமல்லாது நெஞ்சுக்கூட்டாலும் உணர்கின்றனர். அந்த அதிர்வைத் தம் வீரம் என்றே இளைஞர்கள் எண்ணிக்கொள்கின்றனர். அவன் அடித்து வீழ்த்தும் அடியாட்களுக்கு அண்மைக் காட்சி கிடைப்பதில்லை; பெயரும் கிடைப்பதில்லை. முகம் காட்டப்படாதவனுக்காக எவரும் இரங்குவதில்லை. வேங்கடத்தை உறவினனாக்கிய அதே கலைதான் இவர்களை உயிரற்ற பொருள்களாக்குகிறது.

இதனைச் சோதித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை, கைபேசியே போதும். பழக்கப்பட்ட சண்டைக்காட்சி ஒன்றை ஒலியை முற்றும் அடைத்துவிட்டுப் பார்க்கலாம். கதைத்தலைவன் அப்போதும் நடக்கிறான், குதிக்கிறான், அடிக்கிறான். ஆனால் கை தட்டத் தோன்றுவதில்லை. திரையின் ஓரத்தில், விழுந்தவன் ஒருவன் கையூன்றி எழ முயல்வது அப்போதுதான் கண்ணில் படுகிறது.