தானே உந்தும் பின்வண்டி

சேற்றுநிலத்தில் வண்டி ஓட்டுபவர்கள் இதை அறிவார்கள். முன்வண்டியில் ஏற்றிய சுமை அதன் சக்கரங்களுக்கு ஓரளவேனும் பிடிப்பைத் தரும். டிரெய்லரில் ஏற்றிய சுமையோ வெறும் பாரம். இழுக்கும்வரை உருளும், புதைந்தால் நங்கூரமாகிவிடும். டிரெய்லரின் அச்சுக்கும் எஞ்சினின் விசையைக் கொண்டுசென்றால் அதே பாரம் பிடிப்பாக மாறும் என்பதே விசையச்சு டிரெய்லரின் அடிப்படை. எளிய எண்ணம், அழகியதும்கூட. உப்பு வண்டியில் மாற்று அச்சைக் கட்டிச் சென்ற உமணரைப் புறநானூற்றில் படித்த நமக்கு, அச்சு என்றால் முறியக்கூடிய ஒன்று. உந்தக்கூடிய ஒன்றாக அதை எண்ணிப்பார்க்கவே சற்று நேரம் பிடித்தது.

இயந்திரவியல் கற்பிக்கும் நண்பரொருவர் தம் மாணாக்கருக்கெனத் தொகுத்த கலைச்சொற்களை நம்மிடம் காட்டினார். அதில் இவ்வண்டிக்கு 'விசை இழுவை' என்றிருந்தது. நமக்கு உறுத்தியது. இழுபடுவதுதானே இழுவை? தன் சக்கரத்தைத் தானே உருட்டி, சமயத்தில் முன்னால் செல்வதையே தள்ளும் ஒன்றுக்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? 'உந்து பின்வண்டி' என்று திருத்தினோம். "இரண்டும் ஒன்றுதானே, ஐயா?" என்றார். இலக்கணத்தை விடுத்து, அவர் துறையிலிருந்தே சான்று தேடினோம்.

பிரிட்டிஷ் இராணுவத்திற்காக 1972 முதல் 1978 வரை கட்டப்பட்ட லேண்ட் ரோவர் 101 ஃபார்வர்ட் கன்ட்ரோல், பீரங்கி இழுக்கவென்றே பிறந்த வண்டி. (101 என்பது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான அங்குலக் கணக்கு.) அதனுடன் பூட்டுவதற்காக ரூபரி ஓவன் நிறுவனம் விசையச்சு டிரெய்லரைச் செய்து பார்த்தது. நான்கு சக்கரங்களால் உந்தப்பட்ட வண்டிக்கு இப்போது ஆறு சக்கரங்களின் உந்துதல். சிக்கல் திருப்பத்தில் வந்தது. முன்வண்டி ஒரு பக்கம் திரும்பிவிட்டிருக்கும். பின்வண்டியோ இன்னும் பழைய திசையிலேயே உந்திக்கொண்டிருக்கும். அவ்வுந்துதல் கொக்கியின் வழியே முன்வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கரடுமுரடான நிலத்தில் அது முன்வண்டியையே கவிழ்த்துவிடும் போக்குடையதெனக் கண்டு கைவிட்டார்கள். 'இழுவை' என்ற பெயரை மட்டும் கற்ற மாணவன் இந்த ஆபத்தை எப்படி எதிர்பார்ப்பான்? நண்பர் இவ்விடத்தில் மௌனமானார். ஆனால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்கரான ஆர். ஜி. லெடூர்னோ வேறு வழியில் சென்றார். சுழலும் தண்டை வண்டிக்கு வண்டி நீட்டாமல் மின்கம்பியை நீட்டினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவத்துக்காக அவர் கட்டிய டிசி-497, தண்டவாளமே வேண்டாத தொடர்வண்டி. 54 சக்கரங்கள், ஏறத்தாழ 174 மீட்டர் நீளம், 150 டன் சுமை. முன்வண்டி சென்ற தடத்திலேயே பின்வண்டிகள் ஒவ்வொன்றும் திரும்பிவரும்படி அமைத்திருந்தார். பின்னால் வருபவர்க்கு விசையை மட்டும் கொடுத்துவிட்டு, திரும்பும் உரிமையைக் கொடுக்காமல் விடும் நம் கல்லூரி நிர்வாகங்களைவிட அவர் தெளிவானவர் என்றே தோன்றுகிறது.

அரிசோனாவின் யூமா பாலைநிலத்தில் 1962இல் அதைச் சோதித்தார்கள். திருப்பங்களையெல்லாம் வென்ற அவ்வண்டியைப் பெருஞ்சுமை தூக்கும் ஹெலிகாப்டர்கள் தேவையற்றதாக்கிவிட்டன. முன்வண்டி மட்டும் இன்றும் யூமாவில் காட்சிக்கு நிற்கிறது. தொடர்ந்து வந்தவையெல்லாம் பழைய இரும்புக்குப் போயின.