கிளாரா ஷூமன் சேர்த்து வைத்த தாள்கள்

ஜேர்மனியின் கிழக்குப் பகுதியில் ஸ்விக்காவ் என்றொரு சிறு நகரம் உண்டு. இசையமைப்பாளர் ரொபேர்ட் ஷூமன் பிறந்த ஊர் அது. அவர் பெயரில் அங்கு இயங்கும் அருங்காட்சியகத்தில் கையெழுத்துச் சுவடிகளும் கடிதங்களும் பியானோக்களும் உள்ளன. அவற்றிலே என்னை நீண்டகாலமாக ஈர்த்து வருவது ஒரு காகிதக் குவியல். ஏறத்தாழ 1,300 நிகழ்ச்சித் தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு கச்சேரிக்கு உரியது. முதலாவது 1828ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இறுதியானது 1891. அத்தனையும் ஒரே கலைஞர் பங்குகொண்ட கச்சேரிகள். சேர்த்து வைத்தவரும் அவரே. ரொபேர்ட் ஷூமனின் மனைவி, பியானோக் கலைஞர் கிளாரா.

மேற்கத்தைய இசையில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்களுக்குக் கூட கிளாரா என்றால் ஷூமனின் மனைவி, பிராம்ஸின் மனங்கவர்ந்த தோழி என்ற அளவிலேயே அறிமுகம். இந்த இரு வாக்கியங்களிலும் அவருடைய தொழில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மேடையில் இருந்தவர். அக்காலத்தின் மாபெரும் பியானோ நட்சத்திரமாகிய லிஸ்ற், ஊர் ஊராகச் சுற்றி வாசித்த உச்சகாலம் 1839 முதல் 1847 வரையில் மட்டுமே. அதன்பின் கட்டணக் கச்சேரிகளை அவர் விட்டுவிட்டார். அந்தக் குறுகிய காலத்து லிஸ்ற்றின் பயணங்களை ஒழுங்குபடுத்துவதற்கே ஆய்வாளர்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளையெல்லாம் புரட்ட வேண்டியிருந்தது. கிளாராவின் விடயத்தில் வேலை சுலபம் என்றே எவரும் எண்ணுவர். தாள்கள்தாம் வரிசையாக இருக்கின்றனவே!

2009இல் ரைன்ஹார்ட் கோப்பீஸ், அண்ட்ரியாஸ் லேமன், யனினா கிளாசன் ஆகிய மூவரும் இந்தத் தாள்களை முழுமையாக எடுத்துப் புள்ளிவிபர முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த வயதில் எத்தனை கச்சேரி, எந்த ஊர்கள், எவருடைய ஆக்கங்கள் என்றெல்லாம் கணக்கிட்டார்கள். ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை இவ்வாறு அளக்கக் கிடைப்பது மிக அரிது. ஆயினும் நான் பத்திரிகைத் தொழிலில் பழகியவன். அச்சில் வந்த எதைக் கண்டாலும், இது நிகழ்வுக்கு முன் எழுதப்பட்டதா, பின் எழுதப்பட்டதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

நிகழ்ச்சித் தாள் முன் எழுதப்படுவது. அது ஒரு வாக்குறுதி. இன்ன நாளில், இன்ன மண்டபத்தில், இன்னார் இன்னதை வாசிப்பார் என்று அது சொல்கிறது. வாசித்தார் என்று சொல்வதில்லை. அன்று மாலை பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். வாத்தியக் குழு ஒத்திகைக்கு வராததால் ஓர் ஆக்கம் கைவிடப்பட்டிருக்கலாம். சபையோர் கைதட்டி மீண்டும் கேட்க, ஒன்று இரண்டு முறை வாசிக்கப்பட்டிருக்கலாம். 1837 டிசெம்பரில் தொடங்கிய வியன்னாக் கச்சேரிகளில் சபையின் ஆரவாரம் பெரிதாக இருந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் வேற்று நாட்டவருக்கு, 1838 மார்ச் 15இல் அரசவைக் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது. அந்த ஆரவாரத்தைத் தாளில் தேடினால் கிடைக்காது. அதற்கு விமர்சனங்களிடம் போக வேண்டும்.

அங்கே வேறு சிக்கல். லைப்சிக்கில் வெளிவந்த முக்கிய இசை ஏடுகளுள் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரும் 1844 வரை அதன் ஆசிரியராக இருந்தவரும் ரொபேர்ட் ஷூமன். தன் காதலியின், பின்னர் மனைவியின் கச்சேரி பற்றி அந்த ஏடு எழுதுவதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது? எழுதாமல் விடுவதை எப்படி வாசிப்பது? பத்திரிகாலயங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று.

இப்பொழுது பழைய ஜேர்மன், ஒஸ்திரியப் பத்திரிகைகள் பெருமளவில் இணையத்தில் கிடைக்கின்றன. வியன்னாவிலுள்ள தேசிய நூலகத்தின் தளத்தில் இரவு முழுவதும் அலையலாம். அலைந்திருக்கிறேன். ஆனால் கணினி அந்தப் பழைய முறுக்கெழுத்தைத் தடுமாறித்தான் படிக்கிறது. அதில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் ஏறத்தாழ 'எஃப்' போலவே இருக்கும். பெயர் தேடினால் பாதி அகப்படாது. பெயரும் ஒன்றல்ல. 1840 வரை கிளாரா வீக். பிறகு கிளாரா ஷூமன், பிறந்த பெயர் வீக். ஆங்கிலேயப் பத்திரிகைகளில் மடம் ஷூமன். ஒரு பெயரைத் தட்டிவிட்டு வந்த எண்ணிக்கையை நம்புகிறவர் அவருடைய வாழ்வில் பாதியைத் தவறவிடுவார்.

ரஷ்யப் பயணத்தில் நாட்காட்டியே ஏமாற்றும். 1844 ஜனவரியில் கணவனும் மனைவியும் புறப்பட்டு, பால்டிக் கரையோர நகரங்களினூடாகச் சென்று, சென். பீற்றர்ஸ்பேர்க்கிலும் மொஸ்கோவிலும் கச்சேரி செய்து மே மாதத்தில் திரும்பினார்கள். அக்காலத்தில் ரஷ்யா பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது. மேற்கு ஐரோப்பாவுக்குப் பன்னிரண்டு நாட்கள் பின்னே நின்றது. அங்குள்ள பத்திரிகை மார்ச் 3 என்று எழுதும் நாள், ஊருக்குப் போகும் கடிதத்தில் மார்ச் 15 ஆகிவிடலாம். கவனமில்லாதவர் கையில் ஒரு கச்சேரி இரண்டாகப் பெருகும். அரண்மனையிலும் பிரபுக்கள் வீடுகளிலும் வாசித்தவற்றுக்கோ பெரும்பாலும் அச்சிட்ட தாளே இராது.

அப்படியானால் நாட்குறிப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; ஆனால் அது யாருடைய நாட்குறிப்பு? கிளாராவுக்கு எட்டு வயது நிரம்புமுன் 1827இல் அதைத் தொடங்கியவர் தந்தை பிரெடெரிக் வீக். பியானோ ஆசிரியர், வாத்திய வியாபாரி, மகளின் கச்சேரிகளை ஒழுங்கு செய்தவர். அவர் மகளின் குரலில் 'நான்' என்று எழுதுகிறார். தன்னையே 'என் தந்தை' என்று குறிப்பிடுகிறார். பெண் வளர்ந்து தானாக எழுதத் தொடங்கிய பின்னும் அவருடைய கை இடையிடையே வருகிறது. ஒரு கச்சேரி சிறப்பாக அமைந்தது என்று அந்த 'நான்' கூறும்போது மகிழ்வது சிறுமியா, ஒழுங்குசெய்தவரா? 1832இல் பாரிஸ் சென்றபோது வாந்திபேதி பரவி, வசதியுள்ளோர் நகரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தந்தையின் வியாபாரக் கணக்குத் தப்பிப்போன அந்த வாரங்களை மகளின் வாயால் கேட்கிறோம். பின்னாளைய நாட்குறிப்புகளோ நமக்கு நேராகக் கிடைப்பதில்லை. மூத்த மகள் மரீ அவற்றை பேர்தோல்ட் லிற்ஸ்மனிடம் கொடுத்தார். அவர் 1902 முதல் 1908 வரை மூன்று பாகங்களாக எழுதிய வாழ்க்கை வரலாற்றில் எடுத்தாண்ட பகுதிகள் ஊடாகவே அவற்றை அறிகிறோம். மகளும் வரலாற்றாசிரியரும் சல்லடையிட்டது போக மீந்தவை அவை.

ஆகவே எந்த ஆவணமும் தனித்து நின்று பேசாது. ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் ஏதாவது தெரியவருகிறது. எனக்கு மிகவும் உறைத்த இடம், கச்சேரித் திகதிகளின் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்தநாட்களை எழுதி வைத்துப் பார்த்ததுதான்.

ரொபேர்ட் ஷூமனின் பியானோ கொன்சேர்ட்டோ இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. அதை முதன்முதலாக 1845 டிசெம்பர் 4இல் டிரெஸ்டனில் வாசித்தவர் கிளாரா. 1846 ஜனவரி முதலாந் திகதி லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் மீண்டும் வாசித்தார். இசை வரலாற்று நூல்கள் யாவும் இத்திகதிகளைத் தருகின்றன. மகன் எமீல் பிறந்தது 1846 பெப்ரவரி 8. முதல் வாசிப்பின்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டாவதன்போது பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்தன. இதை நிகழ்ச்சித் தாள் சொல்லாது. கொன்சேர்ட்டோவின் வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் சொல்வதில்லை. முந்திய குழந்தை யூலீ பிறந்ததும் அதே 1845இன் மார்ச் மாதத்தில்தான்.

1841 முதல் 1854 வரை எட்டுப் பிள்ளைகள். மூத்த குழந்தைக்கு ஒரு வயது நிரம்பாத 1842இல், கணவர் இடைவழியில் வீடு திரும்ப, இவர் கொப்பன்ஹேகன் போய் வாசித்தார். 1854 பெப்ரவரியில் ரொபேர்ட் ரைன் நதியில் குதித்துக் காப்பாற்றப்பட்டார். மார்ச் 4இல் பொன் நகரை அடுத்த எண்டனிக் மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். கடைசி மகன் பீலிக்ஸ் யூன் 11இல் பிறந்தான். ஒக்டோபரில் தாய் மீண்டும் பயணத்தில். அந்த இலையுதிர்காலத்துத் தாள்கள் ஊர் மாறி ஊர் போகின்றன: லைப்சிக், வைமார், ஹம்பேர்க், பிரேமன், பிரெஸ்லாவ், பேர்லின். 1856 ஏப்ரல் 14இல் லண்டனில் பீத்தோவனின் ஐந்தாவது கொன்சேர்ட்டோ. யூலை தொடக்கத்தில் திரும்பி, யூலை 27இல்தான், இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, கணவரைக் காண அனுமதிக்கப்பட்டார். 29இல் ரொபேர்ட் இறந்தார்.

இந்தப் பட்டியலைக் காட்டி, பிள்ளைகளைப் பிறர் வீடுகளில் விட்டுவிட்டு மேடையைத் தேடியவர் என்று அவரைக் குறைகூறியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அதே பட்டியலை வேறு விதமாக வாசிக்கிறேன். விடுதிக் கட்டணம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு யாவும் எங்கிருந்து வந்தன என்பதற்கான கணக்குப் புத்தகம் அது. நண்பர்கள் உதவிக் கச்சேரி நடத்திப் பணம் திரட்ட முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். தானே வாசித்து உழைப்பேன் என்பதே அவர் நிலைப்பாடு. ஆண் கலைஞர் ஒருவரின் பயணப் பட்டியலைப் பார்த்து, பிள்ளைகள் எங்கே என்று எவரும் கேட்டதாக நான் வாசித்ததில்லை.

தாள்கள் வெளிப்படுத்தும் மற்றொன்றும் உண்டு. அது சற்று வேதனையானது. இளமைக்கால நிகழ்ச்சிகளில் அவருடைய சொந்த ஆக்கங்கள் நிறைய வருகின்றன. 1835 நவம்பர் 9இல், பதினாறு வயதில், மெண்டல்சோன் வாத்தியக் குழுவை நடத்த, தான் எழுதிய கொன்சேர்ட்டோவையே கெவாண்ட்ஹவுஸில் வாசித்தார். ஹேர்ட்ஸ், பிக்சிஸ் போன்ற அன்றைய நாகரிகப் பெயர்களும் அக்காலத் தாள்களில் காணப்படும். பிறகு அவை உதிர்ந்து பாக், பீத்தோவன், ஷொப்பன், ஷூமன் என்று நிரல் கனம் பெறுகிறது. இன்று நாம் காணும் பியானோக் கச்சேரியின் உருவம் அப்படித்தான் அமைந்தது. அந்த மாற்றத்தோடு கிளாரா என்ற இசையமைப்பாளரின் பெயரும் நிரலிலிருந்து மெல்ல ஒதுங்கியது. 1856க்குப் பின் அவர் ஏறக்குறைய எதுவுமே இயற்றவில்லை.

இந்த இடத்தில் நம்மூர் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் இரவிரவாக நடந்த நாதஸ்வர, தவில் கச்சேரிகளுக்கும் நோட்டீஸ் அடித்தார்கள். சுவரில் ஒட்டினார்கள், அடுத்த வருடத்து நோட்டீஸ் அதன்மேல் ஏறியது. அளவெட்டித் தட்சணாமூர்த்தி எந்தக் கோயில் வீதியில் எந்த இரவு தவில் வாசித்தார் என்று ஒருவர் நாள்வாரியாகத் தொகுக்க விரும்பினால் பழைய பத்திரிகைகளைத்தான் நாட வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் அந்த நாட்களிலேயே எரிந்தது. மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது.

கிளாரா தன் தாள்களைத் தானே காத்தார். இங்கிலாந்துக்கு மட்டும் 1856 முதல் 1888 வரை பத்தொன்பது முறை கச்சேரிக்காகச் சென்றவர், அந்தத் தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1870களில் கைவலி வந்து மாதக்கணக்கில் வாசிக்க முடியாமற் போனது. குவியலும் அங்கே மெலிகிறது. கடைசிப் பொதுக் கச்சேரி 1891 மார்ச் 12இல் பிராங்பேர்ட்டில். ஜேம்ஸ் குவாஸ்ற் என்பவருடன் சேர்ந்து, ஹைடனின் கருப்பொருள் மீது பிராம்ஸ் எழுதிய மாறுபாடுகளை இரண்டு பியானோக்களில் வாசித்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது.

எனினும் அத்தனை தாள்களிலும் ஒருபோதும் அச்சேறாத ஒன்றை அவர் மேடையில் வாசித்திருக்கிறார். ஓர் ஆக்கத்தைத் தொடங்குமுன், அதன் சுருதிக்கும் மனநிலைக்கும் சபையைக் கொண்டுசெல்லும் சிறு முன்னிசை. அந்தக் கணத்தில் கற்பனையாக எழுவது. நமது ஆலாபனைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அந்தத் தலைமுறைக் கலைஞர்களுக்கு அது பழக்கம். அடுத்த தலைமுறை அதைக் கைவிட்டது. மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1895இல், பிள்ளைகள் கேட்டுக்கொண்டதற்காக, அவற்றில் சிலவற்றை எழுதிவைக்க முயன்றார். எழுதிய சில பக்கங்கள் இன்றும் உள்ளன. அந்த வேலை கடினமாக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் நான் வேறு விதமாகவே வாசிக்கிறேன் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டாராம்.