மைசூர்க் குளிருக்கு அஞ்சாத ஈ

டிசம்பர் காலையில் மைசூர் மானந்தவாடி சாலையில் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக நடப்பவர்களைப் பார்க்கலாம். மனிதர்களுக்கு இது குளிர்தான். ஊஜி ஈக்கு அல்ல.

மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-ல் தொடங்கிய பட்டு ஆலை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. இதே சாலையில், ஸ்ரீராம்புராவில் மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம். ஓரிடத்தில் சேலை நெய்கிறார்கள். இன்னோரிடத்தில் அந்தப் பட்டுக்கு உலை வைக்கும் பூச்சிகளை ஆராய்கிறார்கள்.

ஊஜி ஈ மைசூருக்குச் சொந்தமானது அல்ல. 1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த விதைக்கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்தது. பட்டுப்புழுவின் உடல்மேல் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரியும் ஊஜிப்புழு உள்ளே துளைத்துப் போய்த் தின்னும். நுழைந்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். முன்பருவத்தில் தாக்கினால் பட்டுப்புழு கூடு கட்டாமலே சாகும். கடைசிப் பருவத்தில் தாக்கினால் கூடு கட்டும், ஆனால் ஊஜிப்புழு அதைத் துளைத்து வெளியேறும். ஓட்டைக் கூட்டிலிருந்து நூல் ஒரே இழையாக வராது. ராமநகரம் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிச் சத்தமாவது தேறுமா என்பதுதான் கேள்வி.

கடுங்குளிர் நாடுகளில் இயற்கையே காவல் காத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரப்பட்டைக்குள் வாழும் வண்டின் புழுக்கள் உடலில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு குளிரைத் தாங்குபவை. நடுக்குளிர்காலத்தில் அவை கூண்டோடு சாக மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர் சில நாட்கள் நீடிக்க வேண்டும். அப்படிப்பட்ட குளிர் அரிதாகிவிட்ட நிலையில், 1990களின் பிற்பகுதியிலிருந்து ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டை வண்டு தாக்கியது.

மைசூரிலோ ஜனவரி இரவும் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. பட்டுப்புழுவுக்கு இதமான 25 டிகிரிச் சூடும் ஈரப்பதமும் ஈக்கும் இதம். குளிர்கிறதே என்று வளர்ப்பு மனையில் கணப்பு மூட்டினால், தரை வெடிப்பில் கிடக்கும் ஊஜிக் கூட்டுப்புழுவும் சேர்ந்து குளிர்காய்கிறது! மழை, குளிர் மாதங்களில் ஏறும் தொல்லை மார்ச் முதல் மே வரையிலான வறண்ட வெயிலில்தான் தணிகிறது. அந்த வெயில் பட்டுப்புழுவையும் வாட்டும்.

ஆகவே காவல் வேலை விவசாயியின் தலையில். ஜன்னலுக்கு நைலான் வலை, வெடிப்புகளுக்குச் சாந்துப் பூச்சு, சந்திரிகைத் தட்டுகளின் அடியில் உதிரும் ஊஜிப்புழுக்களைப் பொறுக்கி அழிக்கும் வேலை. நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியும் துணைக்கு உண்டு: ஊஜிக் கூட்டுப்புழுவிலேயே முட்டையிட்டு அதை ஒழித்துவிடும். ஆனால் ஊரில் ஒருவர் குப்பையைக் கூட்டாமல் விட்டாலும், அங்கே பிறக்கும் ஈ பக்கத்து வீட்டு வலையில் கிழிசல் தேடி வரும்.

எல்லைக்கு இந்தப்பக்கம் தாளவாடி, ஓசூர் விவசாயிகளுக்கும் இது பழகிய பகையாளி. சோதனைச் சாவடியில் ஈயை யார் நிறுத்துவது?