டெலிமார்க் படமே, கல்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன்

அன்புள்ள ‘தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்’ படமே,

உலகத்துக்கு நீ 1965-இல் வந்த இன்னொரு போர்ப்படம். கிர்க் டக்ளஸ், ரிச்சர்டு ஹாரிஸ், நிறையப் பனி, கொஞ்சம் காதல். கல்பாக்கத்துக்காரனுக்கு நீ அப்படியல்ல. உன் கதையில் நாஜிகள் பூட்டிப் பாதுகாத்த கனநீரை நம்பித்தான் எங்கள் ஊர் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளையும் கட்டினார்கள். இங்கே அதை ‘டி டூ ஓ’ என்பார்கள். ஷிப்ட் பேச்சில் அடிபட்டு அடிபட்டு உப்புச்சப்பில்லாமல் போன அந்தச் சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள் என்று முதலில் காட்டியது நீதான்.

படமே, கனநீர் பார்வைக்கு வெறும் தண்ணீர். அதை உறையவைத்துக் குடிதண்ணீரில் போட்டால் மட்டும் மிதக்காது. அடியில் போய் உட்காரும். நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் அதை அதிகம் விழுங்காது. அதனால்தான் செறிவூட்டாத யுரேனியத்தை வைத்தே எங்களால் மின்சாரம் எடுக்க முடிகிறது. ஹிட்லரின் விஞ்ஞானிகளுக்கும் இதே குணம்தான் தேவைப்பட்டது, அணுகுண்டை நோக்கி நடக்க. நார்வேயின் வெமோர்க்கில், உரத்துக்கு ஹைட்ரஜன் பிரிக்கும்போது துணைப்பொருளாகக் கனநீரை எடுத்தார்கள். நம் தூத்துக்குடிக் கனநீர் ஆலையும் உர ஆலையை ஒட்டி எழுந்ததுதான். உன்னைப் பார்க்காதிருந்தால் இந்த உறவு என் கண்ணில் பட்டிருக்காது.

நண்பனே, உன் திரையில் சுடுசத்தத்துக்குப் பஞ்சமில்லை. உண்மையில் 1943 பிப்ரவரி 27 இரவு, கனநீரை அழிக்க வந்த நார்வே வீரர் யோக்கிம் ரொன்னபெர்க்கின் குழு உறைந்த ஆற்றைக் கடந்து, செங்குத்தான பள்ளத்தாக்கில் ஏறி, வெமோர்க் ஆலைக்குள் புகுந்து, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் வேலையை முடித்தது. சுமார் 500 கிலோ கனநீர் சாக்கடையோடு போயிற்று. திரியைப் பற்றவைக்கப் போகும் நேரத்தில், அங்கிருந்த நார்வே காவலாளி தன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றாராம். போர்க்காலத்தில் வேறு கண்ணாடிக்கு எங்கே போவது? வெடிவைக்க வந்தவர்கள் குனிந்து அதைத் தேடிக் கொடுத்தார்கள். நீ கிளப்பிவிட்ட ஆர்வத்தில் தேடிப் படித்தபோது கிடைத்தது இது. ஆகவே இந்தக் கடனும் உன் கணக்கில்தான்.

என் பிரியமான படமே, உனக்கு நான் அதிகம் கடன்பட்டிருப்பது அந்தப் படகுக்காக. மிஞ்சிய கனநீரை ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகையில், 1944 பிப்ரவரி 20 அன்று நார்வேயின் டின் ஏரியில் ‘ஹைட்ரோ’ பயணிகள் படகு மூழ்கடிக்கப்பட்டது. உன் நாயகன் அதே படகில் ஏறி, குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டி அவர்களைக் காப்பாற்றுகிறான். நிஜத்தில் யாருக்கும் எச்சரிக்கை கொடுக்க வழியில்லை. சொன்னால் சதி வெளியாகிவிடும். முந்தைய இரவு குண்டு வைத்துவிட்டு இறங்கிய, ரொன்னபெர்க் குழுவைச் சேர்ந்த க்னூட் ஹவுக்கெலிட், தங்களைக் காட்டிக்கொடுக்காத படகுக் காவலாளியின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் நார்வே மக்கள் 14 பேர் இறந்தார்கள். உன் ஆறுதலை நான் குறை சொல்லமாட்டேன். டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் அந்த 14 பேரையும் காட்ட எந்தத் தயாரிப்பாளருக்குத் துணிவு வரும்?

படமே, ஜெர்மனி அப்போது குண்டுக்கு வெகுதூரத்தில்தான் இருந்தது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டார்கள். அது பிறகு தெரிந்த கணக்கு. பனியில் பட்டினி கிடந்து காத்திருந்தவர்கள் கையில் அந்தக் கணக்கு இல்லை. அதனால் அவர்கள் செய்தது சரி என்றே இன்றும் வாதாடுகிறேன். இந்தப் பிடிவாதமும் நீ கொடுத்ததுதான்.

நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில், ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இதே கதையை வைத்து 1948-இல் வந்த நார்வேப் படத்தையும் தேடிப் பாருங்கள். அதில் அந்த வீரர்களில் சிலர் தாங்களாகவே நடித்திருக்கிறார்கள்.


கல்பாக்கத்து ரசிகன்