கோயிலுக்குப் பின்னாடி உள்ள லோரோங்



போன ஞாயிறு கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு, மகளோட குவாய் சாய் ஹோங் வரைக்கும் நடந்தேன். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம், பழைய கடைவீடுகளை ஒட்டின சந்து. ஒரு காலத்துல கவனிப்பார் இல்லாம கிடந்த இடம். 2019-ல சீராக்கித் திறந்தாங்க. சுவர்ல 1960-கள் வாழ்க்கை ஓவியமா இருக்கு. ஒரே கூட்டம்.

"அப்பா, நம்ம கோயில் லோரோங்கையும் இப்படிச் செய்யலாமே?" என்றாள்.

அங்கே பழைய மெத்தை, அடைச்ச லோங்காங், கொசு. சாயங்காலம் நம்ம பையன்கள் நாலு பேர் உட்காருவாங்க. பார்த்தாலே விரட்டுவேன். உட்கார வேற இடம் இருக்கான்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

நேத்து போய்ப் பேசினேன். ஒருத்தன் தான் வரைஞ்ச மயிலைப் போன்ல காட்டினான். அசந்துட்டேன். இத்தனை நாள் இவனையா விரட்டினேன்?

அது மஜ்லிஸ் இடம். சாயம் பூச அனுமதிக் கடிதம் கொடுக்கணும். முதல்ல குப்பையை அள்ளுவோம். வர்ற ஞாயிறு காலை 7 மணிக்குக் கோத்தோங் ரோயோங். கையுறை கொண்டு வாங்க.

அந்தப் பையன்களும் வர்றாங்க. யாரும் ஏசிடாதீங்க. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.