16 நாள் கணக்கு

ஆனைமலைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் காலை ஆறரை மணி. மரமேறி இன்னும் மரத்தில் கால் வைக்கவில்லை. தூரைச் சுற்றி வருகிறார். அரிவாளின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காதை ஒட்டிக் கேட்கிறார்; கூன்வண்டு குடைந்த மரத்துக்குச் சத்தம் வேறு. பிறகு அண்ணாந்து பார்க்கிறார். கொண்டையில் கடந்தைக் கூடு இருக்கிறதா, காய்ந்த மட்டை எத்தனை தொங்குகிறது, மின்கம்பி எவ்வளவு தள்ளிப் போகிறது?

“கூலி இங்கயே முடிவாயிரோணுங்க. மேல ஏறிட்டு வந்து பேசுனா யாரு கேக்கறாங்க?”

42 வயது. 19 வருடமாக ஏறுகிறார். எந்தத் தோட்டத்திலும் நிரந்தர ஆள் இல்லை. பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று, அரிவாள், கயிறு, காலுக்குத் தளை, அவ்வளவுதான் முதல். ஆனால் அந்தக் கால்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புறங்காலில் தளை உரசி உரசி, தோல் செருப்பு வார் போலத் தடித்துக் கறுத்திருக்கிறது. அங்கே கிள்ளினால் வலிக்காது என்று என்னைக் கிள்ளியே பார்க்கச் சொன்னார். நான் கிள்ளவில்லை.

பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளில் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தரையில் நின்றபடியே காய் பறிக்கும் ஆட்கள் நிறைய. கம்பு எட்டாத உயர மரம், பன்னாடை எடுத்துக் கொண்டை சுத்தம் செய்வது, காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பது, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த மரம் ஆகியவற்றுக்குத்தான் ஏறுகிறவரைத் தேடுகிறார்கள். லேசான மரங்களெல்லாம் கம்புக்குப் போய்விட்டன. சிக்கலான மரம் மட்டும் மிச்சம். கூலியை மட்டும் பழைய லேசான மரத்தை வைத்தே பேசுகிறார்கள்.

இவரும் ரொம்ப நாள் மரக்கணக்கில்தான் வாங்கினார். மரத்துக்கு 40 ரூபாய், ஒரு காலையில் 40 மரம், ஆக 1,600 ரூபாய். மாதம் 48,000 வரும் என்று கேட்கிறவர்கள் கண்ணைப் பெரிதாக்குவார்கள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். போன வருடம் மகள் சொல்லி, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அன்றன்றைய வேலையைக் குறித்து வைக்க ஆரம்பித்தார். ஒரு ரப்பர் பேண்டில் கட்டிய அந்தத் தாள்களை எடுத்துக் காட்டினார். பாதியில் ஒன்றும் எழுதவில்லை.

ஏறிய நாள் மாதத்துக்குச் சராசரி 16. மழை பெய்தால் மரம் வழுக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கொண்டை ஆடுகிற ஆட்டத்துக்கு யாரும் ஏற மாட்டார்கள். ஒரு தோப்பில் காய் இறக்கினால் அடுத்த வெட்டுக்கு 45 நாளாவது ஆகும். இடுப்பு பிடித்துக்கொண்ட நாள், சாவு, நோன்பு, வண்டி ரிப்பேர் எல்லாம் அந்த வெற்றுத் தாள்களில் இருந்தன.

16 நாளில் கைக்கு வந்தது 25,600. பெட்ரோல், கயிறு, அரிவாளுக்குச் சாணை, வலிக்குத் தைலம், இவையும் அதில்தான்.

அன்றிலிருந்து அவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். குடும்பத்துக்கு மாதம் 24,000, தொழில் செலவு 3,000, ஏற முடியாமல் போகும் காலத்துக்கென 3,000. மொத்தம் 30,000. அதை 30-ஆல் வகுக்கவில்லை, 16-ஆல் வகுத்தார். 1,875 வந்தது. 1,900 என்று வைத்துக்கொண்டார். தோப்பில் மரங்கள் வரிசையாக இருந்தால் இன்னமும் மரக்கணக்குதான், உயரத்துக்குத் தகுந்தபடி. டவுன் வீட்டு வேலை என்றால் நாள் கூலி. கீழே கயிறு பிடிக்கிற ஆளுக்குத் தனி. ஓடு உடையாமல் ஒவ்வொரு மட்டையாகக் கயிற்றில் இறக்கினால் காலை முழுக்க ஆறு மரம்தான் ஆகும். மரக்கணக்கில் அதற்கு 240 ரூபாய்.

சண்டை வருவது நேரத்தில். ஆறரைக்கு ஏறி, வெயில் ஏறியதும் பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுவார். “மத்தியானமே கெளம்பிட்டு முழு நாள் கூலியா?” என்று வீட்டுக்காரர் ஒருவர் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டாராம். அந்த ஐந்தரை மணி நேரத்தில் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பதை அந்த வீட்டுக்காரர் எண்ணியதாகத் தெரியவில்லை.

தோப்புக்காரர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ காய்ப்பைக் குறைத்தது. காய் விலையும் விழுந்த வருடங்களில் கூலிக்கே கட்டவில்லை என்றார்கள். சரி. ஆனால் 2025-இல் தேங்காய் விலை எகிறியபோது கூலி அதோடு சேர்ந்து ஏறவில்லையே. விலை இறங்கும்போது மட்டும் மரமேறியைப் பங்காளியாக்குகிற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. கருவி மாட்டி ஏறக் கற்றுக்கொடுக்கிறார்கள். மரமேறிகளுக்கான ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. இவர் போன வருடம்தான் சேர்ந்தார். கூடவே ஏறிக்கொண்டிருந்த ஒருவர், காய்ந்த மட்டையைப் பிடித்து விழுந்து ஐந்து மாதம் படுத்த பிறகு.

பத்து மணிக்குக் கீழே வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. உடுமலையில் ஏதோ வீடு, மூன்று மரமாம், எவ்வளவு ஆகும் என்கிறார்கள்.

“போன்ல வேண்டாமுங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து மரத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுமுனையில் ஏதோ பேரம் தொடர்ந்தது. அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தளையை நனைக்க வாளியைத் தேடினார்.