பெயர் தெரியாத வித்துவான்கள்

நம் சங்கத் திங்களிதழில் எழுதுவோர் பெரும்பாலும் கற்றறிந்தவர்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை நிறுத்தியவன். திருப்பதி இரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். பிறர் கட்டி அனுப்பும் மூட்டைகளை எண்ணி, எடை பார்த்து, ஏட்டில் பதிவது என் தொழில். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ‘உருப்படி’ என்று பெயர். கச்சேரி மேடையில் பாடப்பெறும் ஒவ்வொரு பாட்டுக்கும் அதே பெயர்தான். பகலில் ஒருவகை உருப்படியையும் இரவில் மற்றொருவகை உருப்படியையும் எழுதுகிறவன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அந்த இரவு எழுத்தைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

2011-ஆம் ஆண்டு முதல், கேட்ட இசையை அன்றன்றே குறித்து வைத்து வருகிறேன். இதுவரை ஏழு குறிப்பேடுகள் நிறைந்துள்ளன. என் உள்ளத்துக்கு உகந்த வித்துவான்களை எப்படிக் கண்டுகொண்டேன் என்பது அவற்றில் இருக்கிறது. கண்டுகொள்ளாமல் எத்தனை ஆண்டுகளை வீணாக்கினேன் என்பதும் அவற்றிலேயே இருக்கிறது.

என் தந்தையார் அரக்கோணத்தை அடுத்த ஒரு சிற்றூரினர். இரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து சித்தூருக்கு வந்தவர். அவரிடம் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அதன் முன் அமர்ந்துவிடுவார். நாயனம் ஒலித்தால் வீட்டில் எவரும் பேசலாகாது. எனக்கு அப்போது அதில் சிறிதும் நாட்டம் இல்லை. “தம்பி, இங்கே வா, இதைக் கொஞ்சம் கேள்” என்று அவர் அழைக்கும்போதெல்லாம் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவேன். 2010-இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, கருணை அடிப்படையில் எனக்கு இரயில்வேயில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு குறிப்பேடு வாங்கினேன். ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தான். அழைத்தவர்தாம் அங்கு இல்லை.

சித்தூரில் குடியிருப்பு, திருப்பதியில் வேலை. இடையே ஏறத்தாழ 70 கி.மீ. பாகாலா, சந்திரகிரி வழியாக நாள்தோறும் போகவும் வரவும் இரயிலில் கழியும் நேரமே என் இசைப் பள்ளியாயிற்று. கைப்பேசியில் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்பேன். குறிப்பேட்டை முழங்கால்மேல் வைத்து எழுதுவேன். விடுமுறை நாட்களில் திருமலைக்குச் சென்று, கோயிலின் எதிரே உள்ள நாத நீராஜனம் மேடையின் முன் அமர்வேன். அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. முன்வரிசை பின்வரிசை என்ற மதிப்பும் இல்லை. பெரும் புகழ் பெற்றவர்களும் முதன்முதலாக மேடை ஏறுகிறவர்களும் அடுத்தடுத்துப் பாடும் இடம் அது.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் குறிப்பேட்டில் தமிழ்நாட்டு வித்துவான்களின் பெயர்களைத் தவிர வேறு பெயரே கிடையாது. மேடையில் அறிவிப்பாளர் எனக்குத் தெரியாத தெலுங்குப் பெயர் ஒன்றைச் சொன்னால் போதும், தேநீர் அருந்த எழுந்துவிடுவேன். ‘இவர்களுக்கு நம் சங்கீதம் எப்படி வரும்?’ என்பது என் எண்ணம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு நோய் உண்டு. ஊரைவிட்டு வந்துவிட்டோமே என்ற ஏக்கம், நம்முடையது மட்டுமே உயர்ந்தது என்னும் பிடிவாதமாக முதிர்ந்துவிடும். பள்ளியில் தெலுங்கிலேயே படித்து, தெலுங்கு நண்பர்களோடு உண்டு வளர்ந்த எனக்கே அந்நோய் இருந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2014-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு மாலை. வழக்கம்போல அறிவிப்பைக் கேட்டு எழுந்தேன். அதே கணத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. வெளியே செல்ல வழியில்லை; மனமின்றி மீண்டும் அமர்ந்தேன். மேடையில் இரண்டு நாயனம், இரண்டு தவில். தெலுங்கில் நாதஸ்வரத்தைச் சன்னாயி என்பார்கள். அந்தச் சன்னாயிக்காரர்கள் தோடியை எடுத்தார்கள். முதல் சில நிமிடங்கள் மழையின் ஓசையே பெரிதாக இருந்தது. பிறகு காந்தாரத்தில் நின்று ஓர் அசைவு அசைத்தார் மூத்தவர். அவ்வளவுதான், மழை என் காதிலிருந்து விலகிவிட்டது. தஞ்சாவூர்ச் சீமையின் பெரிய நாயனக்காரர்களின் பழம்பதிவுகளில் நான் கேட்டிருந்த அதே கனமான, அவசரம் அறியாத நடை! இவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது?

கச்சேரி முடிந்ததும் தவில்காரர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் நல்ல தமிழிலேயே விடை சொன்னார். “நாங்கள் பிரகாசம் மாவட்டத்துக்காரர்கள், ஐயா. எங்கள் நாயனக்காரரின் குரு, ஷேக் சின்ன மௌலானா சாகேபிடம் பயின்றவர். ஆகவே பாணி தஞ்சாவூர்ப் பாணி. நானும் ஸ்ரீரங்கத்தில் சில ஆண்டு இருந்தேன்” என்றார். அன்றிரவு அந்நால்வரின் பெயர்களையும் ஊர்களையும் முழுமையாக எழுதிக்கொண்டேன். அச்சில் வெளியிட அவர்களைக் கேட்கவில்லையாதலால் இங்கே குறிப்பிடவில்லை. என் குறிப்பேட்டில் ஏறிய முதல் தெலுங்குப் பெயர்கள் அவையே.

ஒரு பெயர் கிடைத்தால் அது பல பெயர்களுக்கு வழி காட்டும் என்பதை அதன்பின் கற்றேன். சின்ன மௌலானா (1924–1999) பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில், வழிவழியாக நாதஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளத்தைப் பறிகொடுத்து, அந்தப் பாணியைக் கற்கத் தமிழகம் வந்தார். நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. அவர் வழிவந்த தம்பதியர் ஷேக் மகபூப் சுபானியும் காலிஷாபி மகபூப்பும் 2020-ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீ பட்டியலில் இடம்பெற்றனர். ஆந்திரத்தில் பிறந்தவர் தமிழகத்தில் வேரூன்றிய கதை இது.

இதன் மறுபக்கத்தை என் சொந்த ஊரே வைத்திருந்தது, நான்தான் அறியாதிருந்தேன். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) இம்மாவட்டத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சென்று, தாள வித்தையில் நிகரற்றவராய் விளங்கிய நாயனாப் பிள்ளையிடம் பயின்றார். நாயனாப் பிள்ளையின் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் மேடையை நிறைத்திருக்கும். ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே அதனை அழைத்தார்கள். சுப்பிரமணிய பிள்ளை 1954-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடம் குருகுலவாசம் செய்து தேறியவரே மதுரை சோமு. எங்கள் தந்தையார் உயிராக மதித்த மதுரை சோமுவின் பாட்டுக்கு ஒரு வேர் எங்கள் சித்தூர்ப் பெயரில் இருந்தது! 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953-இல் அது ஆந்திரத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணி மட்டும் தமிழகத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கல்லை நட்டவர்கள் எத்தனை முறை இடம் மாற்றினாலும், குருவுக்கும் சீடனுக்கும் இடையே அதை நட முடியவில்லை.

நிற்க. ‘புதிது’ என்னும் சொல்லுக்கும் எனக்கு வேறொரு பொருள் கிடைத்தது. அன்னமாச்சாரியார் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அவற்றில் 12,000-க்கு மேற்பட்டவை செப்பேடுகளில் நமக்குக் கிடைத்துள்ளன. செப்பேட்டில் இராகத்தின் பெயர் உண்டு. பாடும் மெட்டு இல்லை. ஆகவே இன்று நாம் கேட்கும் மெட்டுகளுள் பல, இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் இருபதாம் நூற்றாண்டில் அமைத்தவை. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1979–80-இல் பாடி வெளிவந்த பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகளால் அவற்றுள் சில நாடெங்கும் பரவின. ஐந்நூறு ஆண்டுப் பாட்டுக்கு என் தந்தையாரைவிட இளைய மெட்டு! பழையது என்று நான் ஒதுக்கியதெல்லாம் புதியதாக இருந்தது. பாலகிருஷ்ண பிரசாத் 2025 மார்ச் 9-ஆம் நாள் திருப்பதியில் மறைந்தபோது, அவருக்கென ஒதுக்கிய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில், ‘எளிய பாட்டு, வித்தை குறைவு’ என்று எழுதியிருந்தேன். ஏழாம் முறை கேட்டபின், ‘எளிமையாகத் தோன்றச் செய்வதே வித்தை’ என்று எழுதியிருந்தேன். முன்னதை அடிக்கவில்லை. என் அறியாமைக்கும் ஒரு பதிவு வேண்டுமல்லவா?

2016-இல் குடும்பத்தோடு திருப்பதிக்கே குடிபெயர்ந்தோம். சாமான்களைக் கட்டும்போது, அம்மா தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்துத் தந்தார். தந்தையாருடையது. பெரும்பகுதி மளிகைக் கணக்கும் கடன் கணக்கும். நடுவே, வானொலியில் கேட்ட வித்துவான்களின் பெயர்கள். அவரும் எழுதி வைத்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. 1997-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் கோணல்மாணலான எழுத்தில் இவ்வாறு இருந்தது: ‘ஷேக் சின்ன மௌலானா. தோடி. பையனுக்குக் கேட்பிக்க வேண்டும்.’

அன்று நான் மட்டையோடு ஓடிய நாளாகத்தான் இருக்க வேண்டும். தெலுங்குப் பெயர், தமிழ்ப் பெயர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கேங்மேன் வேலை செய்தவருக்குக் காது திறந்திருந்தது. எழுத்தராகிய எனக்கு அடைத்திருந்தது. அவர் கேட்பிக்க விரும்பிய தோடியை அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அவ்வழியில் வந்தவர்களிடமிருந்து, மழையின் தயவால் கேட்டேன். அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “அவர் எழுதினது நடந்துவிட்டதே, போ” என்றார் அம்மா. அச்சொல்லே எனக்கு ஆறுதல்.

ஆயினும் கற்ற பாடத்தை மனிதன் எளிதில் மறந்துவிடுகிறான். என் தமக்கை மகன் வேலூரில் கல்லூரி மாணவன். அண்மையில் அவன் வந்திருந்தபோது, “மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்” என்று கைப்பேசியை நீட்டினான். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் சென்னை இசைக்குழு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவாகி, 2018 சனவரியில் முதன்முதலாக மேடை ஏறியது. கானாப் பாட்டு, பறை, கித்தார், வேகமாகச் சொல்லும் ராப் ஆகியவை ஒன்றாய்க் கலந்தது. சில நொடிகளில், ‘ஒரே இரைச்சல்’ என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். தந்தையார் என்னை அழைத்தபோது அவர் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டேன். மறுநாள் மீண்டும் கேட்டேன். மூன்றாம் முறை பறை தனியாகக் காதில் விழுந்தது. திருப்பதி கங்கையம்மன் சாத்திரைக்கு ஆண்டுதோறும் தெருவில் முழங்கும் தப்பு அதுவேயன்றோ! அந்த முழக்கத்தில் தோள் குலுங்க நின்றவன்தானே நான்? அதையே மேடையில், தம் உரிமையைக் கேட்கும் சொற்களோடு வைத்திருக்கிறார்கள் இந்த இளைஞர்கள். எல்லாப் பாட்டும் எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன், இரண்டு பிடித்தன. ஏழாம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்து, “என் பாட்டும் உங்கள் நோட்டில் வந்துவிட்டதா, மாமா!” என்று மகிழ்ந்தான். மறுநாள் மாலை நான் அழைக்காமலே என்னோடு திருமலைக்கு வந்து, இரண்டு மணி நேரம் வாய்ப்பாட்டுக் கேட்டான்.

அன்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து மூன்று சொல்வேன். முதலாவது, கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். பாடியவர் பெயரோடு பக்கவாத்தியக்காரர் பெயரையும் எழுதுங்கள். நாளைய உங்கள் விருப்ப வித்துவான் இன்று மேடையின் ஓரத்தில் கடம் வாசித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, பிடித்துப்போன ஒருவர் யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று விசாரியுங்கள். ஒரு பெயர் பத்துப் பெயர் தரும். மூன்றாவது, மூன்று முறை கேளாமல் தீர்ப்பு எழுதாதீர்கள். எழுதிவிட்டால் அதை அழிக்காதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சரளமாக வரவில்லை என்று நாம் வருந்துகிறோம். அவர்களோடு சேர்ந்து ஒரு குறிப்பேடு வையுங்கள். அவர்கள் கொண்டுவரும் பாட்டையும் அதில் ஏற்றுங்கள். பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எட்டாம் குறிப்பேடு வாங்கிவிட்டேன். அதன் முதல் பக்கத்தில் என் எழுத்தோடு தமக்கை மகனின் எழுத்தும் இருக்கிறது. எழுத்துப் பிழைகள் உண்டு. திருத்தவில்லை.